தரையைத் தூக்கியவள்

என் கணவரின் கட்டிலில் வேற்றுப் பெண் ஒருத்தி ஏறிப் படுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்காகப் போட்டுக் கொண்டுவந்த காபி என் கையில் இருந்தது. அவள் எழுந்திருப்பதாகக் காணோம். ஆறிப்போகிறதே என்று நானே குடித்துவிட்டேன்.

உடனே கண்ணை உருட்ட வேண்டாம். அவள் எங்கள் வீட்டுக்குத் தோட்டம் அமைக்க வந்தவள். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது தேடிப் போவார்கள், அவளுக்கு அது பிடிக்காது. எங்கள் வீட்டில் அவளுக்குத் 'தோட்டத்துப் பொண்ணு' என்று பெயர். பொண்ணு என்ன பொண்ணு, அப்போதே நாற்பதை நெருங்கியிருப்பாள். வெளியூரில் தோட்டக்கலை படித்துவிட்டுக் காரைக்குடியில் வந்து இருந்தாள். ஸ்கூட்டரில் வருவாள். கால் வைக்கிற இடத்தில் ஒரு குட்டை முக்காலி இருக்கும். மண்வெட்டி, நாற்று, உரம் எதுவும் கிடையாது. முதல் நாள் அந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறந்து வந்தவளைப் பார்த்து, யாரோ மாட்டு வீட்டைத் தேடிப் பால் கறக்க வந்தவள் என்று நினைத்து, "இங்க மாடு இல்லம்மா" என்று சொல்லியே விட்டேன். அவள் சிரித்தாளே தவிரத் திருத்தவில்லை.

என் கணவர் பாதி ஆயுளை அரபு நாட்டில் கழித்தவர். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் கம்பெனி வேலை என்று சொல்லிவைத்திருந்தோம். உண்மையில் ரோட்டு நடுவே வளர்த்திருக்கும் புல்லுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. கொளுத்துகிற மணலில் புல்லைப் பச்சையாக வைத்திருந்தவர். லீவில் வரும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார். "அந்தப் புல்லுல காலு வைக்க விடமாட்டாய்ங்க, தெரியுமா? தண்ணி விட்டவனே மிதிக்கக் கூடாது. பாத்துக்கிட்டே இரு, நம்ம ஊருல, நம்ம எடத்துல, நம்ம புல்லுல நான் மல்லாக்கப் படுக்குறேனா இல்லையான்னு."

ஒட்டுமொத்தமாக வந்த பிறகு ஒக்கூர்ப் பக்கம் இடம் வாங்கி வீடு கட்டினார். செம்மண்ணும் சரளையுமாகக் கிடந்த காடு. வீடு முடிந்ததும் தோட்டத்துக்கு ஆள் தேடினார். சிவகங்கையில் இருக்கும் எங்கள் மகள், அவளுக்குத் தெரிந்த வீட்டில் தோட்டம் நன்றாக இருக்கிறது என்று இவளை அனுப்பிவைத்தாள்.

இவர் தன் ஆசையை எல்லாம் அடுக்கினார். வீட்டைச் சுற்றிப் புல்தரை, கேட்டிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் பேரீச்ச மரம், நடுவில் ஃபவுண்டன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்.

"இத யாருண்ணே பாக்கப் போறா?"

"எத?"

"இந்த ஃபவுண்டனத்தான்."

"ரோட்டுல போறவுக, வாரவுக எல்லாரும் பாப்பாகல்ல."

"அப்பச் சரி. ரோட்டுல போறவுகளுக்கு நான் தோட்டம் போட்டுக் குடுத்துர்றேன். உங்க வீட்டுக்கு யாரு போடுறது?"

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னிடம் யாராவது அப்படிப் பேசியிருந்தால் வந்த வழியே அனுப்பியிருப்பேன். இவருக்கு வம்பிழுக்கிறவர்களைப் பிடிக்கும். அன்றைக்கே பேரீச்சையும் ஃபவுண்டனும் போயிற்று. புல்லை மட்டும் விடவில்லை. "புல்லு வேணும்மா. நான் படுக்கணும்" என்றார். "படுக்கலாம்ணே, மழை வரட்டும்" என்றாள்.

அவளைப் பற்றி எதை நினைத்தாலும் அந்தக் கேள்வியில்தான் போய் முட்டுகிறது. யார் பார்க்கப் போகிறார்கள், எங்கிருந்து, உட்கார்ந்தா, நின்றா? அதற்குத்தான் முக்காலி. வாசலில் போட்டு உட்காருவாள். மோட்டார் ரூம் பக்கம் போட்டு உட்காருவாள். துணி காயப்போடுகிற இடத்தில் என் உயரத்துக்கு முழங்காலை மடக்கி நின்று பார்ப்பாள். நான் குள்ளம். அவள் அப்படி நிற்பதைப் பார்த்தால் என்னைப் பழித்துக் காட்டுகிறாளோ என்றிருக்கும். அங்கே ஏற்கெனவே முளைத்து நின்ற எதையும் வெட்டவிடவில்லை. ஆவாரை, நொச்சி, வெப்பாலை, விராலி எல்லாம் அப்படியே நின்றன. சீமைக்கருவேலை மட்டும் யாரையும் கேட்காமல் வேரோடு பிடுங்கிப் போட்டாள்.

"இந்தப் பொதர வச்சுக்கிட்டு என்னம்மா செய்யப் போற?" என்று கேட்டேன்.

"வெட்டுறது ஒரு நேரத்து வேலைக்கா. எப்ப வேணும்னாலும் வெட்டிப்புடலாம். ஒரு மழைக்கு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வெட்டுவோமே."

அடுப்படிக்கும் வந்தாள். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க இங்குட்டு எங்கக்கா உக்காருவீக?"

"அடுப்படியில யாரு உக்காருவா? நிக்கத்தான்."

"சரி, வேற எங்க உக்காருவீக?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். சாப்பிடுவதுகூடப் பாதி நாள் நின்றபடிதான். "தொழுகையில உக்காருவேன்" என்றேன்.

"அப்ப வெளிய பாக்க மாட்டீகளே."

"மாட்டேன்."

"அப்ப உங்களுக்கு நான் எத வைக்கிறது?"

"ஒரு கறிவேப்பிலை வை. போதும்."

வைத்தாள். ஆனாலும் விடவில்லை. வருகிறபோதெல்லாம் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அக்காவுக்கு இன்னும் எடம் அமையல" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொள்வாள். எனக்கு எரிச்சலாக வரும்.

கேள்வி கேட்கிற அவசரத்தில் எதிரே இருப்பது யார் என்று பார்க்காத பழக்கமும் அவளுக்கு உண்டு. காளையார்கோவிலில் ஒரு வீடு. அங்கே ஒரு பெரியவர் கூட வந்து இடத்தைக் காட்டியிருக்கிறார். இவள் வழக்கம்போல, "இத யாரு பாக்கப் போறாய்யா?" என்று கேட்டிருக்கிறாள். "நான் ஒருத்தன்தாம்மா இங்க இருக்கேன். எனக்குத்தான் ரெண்டு கண்ணும் தெரியாதே" என்றாராம். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது என்று எங்களிடம் சொன்னாள். பிறகு அவர் படுக்கிற பக்கமாகப் பார்த்து ஒரு வாகை மரம் வைத்தாளாம். காய்ந்த காய் காற்றுக்குச் சலசலவென்று கேட்கும் அல்லவா, அதற்காக. "கெட்டிக்காரப் புள்ள" என்றார் இவர்.

அதற்கப்புறம் அதிக நாள் ஆகவில்லை. சித்திரை வெயில். ஜேசிபிக்காரரோடு கேட்டுப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தவர் தண்ணீர் கேட்டார். நான் சொம்போடு போவதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய வலது உள்ளங்காலில் எதையோ வைத்துக் குத்தி, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். இவர் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன். பயமோ அழுகையோ வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போனால் நம் கால்தானா என்று தட்டிப் பார்ப்போமே, அப்படி இருந்தது எனக்கு.

வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். மல்லாக்கப் படுக்கிற ஆசை மட்டும் அவருக்கு நிறைவேறியது.

தோட்ட வேலை நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். காரைக்குடியில் கடை வைத்திருக்கும் என் கொழுந்தன், "இந்த நெலமையில தோட்டம் ஒரு கேடா மதினி? அந்தப் பொம்பளைய வரவேணாம்னு சொல்லிருங்க" என்றார். சொல்வதற்கு முன்னால் அவளே வந்துவிட்டாள். கட்டில் அருகே நின்று இவரைப் பார்த்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "அண்ணன கொஞ்ச நேரம் நாற்காலியில வைக்கலாமாக்கா?" என்றாள். துணி மாற்ற உதவுகிறாளாக்கும் என்று நானும் கொழுந்தனுமாகத் தூக்கி உட்காரவைத்தோம். நான் காபி போடப் போனேன். திரும்பி வந்தால், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் கட்டிலில் ஏறிப் படுக்கிறாள். அவருடைய தலையணையில் தலை. அவர் திரும்புகிற பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொழுந்தன் 'அஸ்தஃபிருல்லா' என்று எழுந்து வெளியே போய்விட்டார். நான்தான் சொன்னேனே, காபியைக் குடித்துவிட்டேன் என்று.

"என்னம்மா தெரியுது?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"ஜன்னல் கம்பி. ஒரு கரண்டு வயரு. மிச்சமெல்லாம் வானம்" என்றாள் படுத்தவாக்கில். "அண்ணனுக்குத் தரையே தெரியலக்கா. தரையத் தூக்கணும்."

நாற்காலியில் சாய்ந்திருந்த இவருடைய முகத்தில் இடது பாதி சிரித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். அவள் போனதும் தலையணை உறையை மாற்றினேன். அழுக்காகிவிட்டது என்றில்லை, என்னமோ மாற்றினேன்.

சொன்னபடி தரையைத் தூக்கினாள். மழைத் தண்ணீர் ஓடி வருகிற சரிவைப் பார்த்து ஜேசிபியால் ஒரு பள்ளம் தோண்டச் சொன்னாள். தண்ணீர் தேங்குவதற்கு. தோண்டிய மண்ணை எல்லாம் முன்னறை ஜன்னலுக்கு நேரே, சுவரோடு போகிற மாதிரி நீளமாகக் குவித்தாள். கட்டிலோரம் மண்டிபோட்டு அவர் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்துப் பார்ப்பாள், ஓடிப்போய் மண்ணை ஏற்றுவாள், மறுபடி வருவாள். மேடு எழும்பி ஜன்னலின் கீழ்ப்பாதியை நிறைத்தது. படுத்திருப்பவருக்கு அதுதான் தரை.

அதன்மேல் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு உடைந்த கல்தொட்டியைக் கொண்டுவந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியின் ஒரு மூலை. பின்பக்கம் முழ உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், முன்னால் குழியில் தண்ணீர் நிற்கும். மேட்டின் மேல் அதை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தெரியுதாண்ணே?"

இவர் எப்படிப் பதில் சொல்வார்? அவளும் அதை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கல்லைக் கொஞ்சம் தள்ளினாள். "இப்பத் தெரியுதா?" இன்னும் தள்ளினாள். "இப்ப?" நான் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல் மேட்டின் வடக்குக் கோடிக்குப் போனபோது இவர் இடது கையைத் தூக்கினார். அவள் அங்கேயே கல்லைப் பதித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள்.

மறுநாள் கொழுந்தன் வந்தார். கேட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் என்னவோ ஏதோ என்று வெளியே வந்தேன். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. அத்தனை நாளும் மண்ணாகத் தெரிந்தது, அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வேறாக இருந்தது. வடக்குத் தெற்காக நீளமாகக் குவித்த புதுச் செம்மண். தலைமாட்டில் ஒரு கல். கபுரு. ஆளைப் புதைத்த மேடு. யார் பார்த்தாலும் கபுரு என்றுதான் சொல்வார்கள். படுக்கையில் கிடக்கிற மனுசனின் கண்ணுக்கு நேரே கபுரைக் கட்டி, மீசான் கல்லும் நட்டு வைத்தாயிற்று.

"என்ன மதினி இது? அண்ணன் உசுரோட இருக்கயிலயே..." அழுதுவிட்டார்.

தோட்டத்துப் பொண்ணு அந்நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கொழுந்தன் அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். கண்ணில்லையா, அறிவில்லையா, யார் வீட்டில் என்ன செய்வது என்று தெரியாதா என்று. அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது.

"எங்கள்ல எரிச்சிருவோம்க்கா" என்றாள் என்னைப் பார்த்து. "எனக்கு... எனக்குத் தோணவே இல்லக்கா. அண்ணனுக்குத் தெரியணும்னு மட்டுந்தேன் பாத்தேன். ரோட்டுல நின்னு பாக்கவே இல்ல."

சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தாள். மேட்டைத் தானே கலைத்துவிடுகிறேன் என்று ஓங்கியும் விட்டாள். நான், "இரு" என்றேன். உள்ளே போனேன். இவரிடம் குனிந்து, "மேட்ட எடுத்துரச் சொல்லவா?" என்று கேட்டேன். எல்லாம் காதில் விழுந்திருக்கும். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. என்னைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்தொட்டியில் தவிட்டுக்குருவிகள் கும்பலாக இறங்கிக் குளித்து, ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவருக்கு அது கபுராகத் தெரிந்ததா, குருவி குளிக்கிற இடமாக மட்டும் தெரிந்ததா, எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

வெளியே வந்து, "இருக்கட்டும்" என்றேன்.

"ஊரு என்ன பேசும் மதினி?"

"ஊரா வந்து இந்தக் கட்டில்ல படுக்கப் போகுது?"

கொழுந்தன் அதற்கப்புறம் வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வருவார். தோட்டத்துப் பொண்ணோ, அதற்கப்புறம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். வருவாள், தொட்டியைக் கழுவித் தண்ணீர் ஊற்றுவாள், போவாள்.

எனக்கு இருந்தது ஒரே கவலை. வேறு எதுவும் மனதில் ஏறவில்லை, இது மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த மேடு வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. அதில் ஒரு பிடி புல்லாவது இவர் பார்த்துவிட வேண்டும். மதுரைப் பக்கம் பாய் மாதிரிச் சுருட்டி விற்கிறார்களாமே, அதை வாங்கி மேட்டில் விரித்துவிடு என்று அவளிடம் சொன்னேன்.

"இந்த வெயிலுக்கு ரெண்டு நாள்ல கருகிரும்க்கா. அண்ணன் கண்ணு முன்னால கருகணுமா? அந்த மண்ணுலயே வெத கெடக்கு. மழை வரட்டும்."

"மழை வரும்மா. அவுக இருக்கணுமே."

அவள் குனிந்து தொட்டியைக் கழுவத் தொடங்கினாள்.

"உனக்கென்ன, இந்த வீடு இல்லேன்னா அடுத்த வீடு. முக்காலியத் தூக்கிக்கிட்டுப் போயிருவ" என்றேன். நன்றாகவே சொன்னேன். கோபம் வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

செடிக்குத் தண்ணீர் ஊற்றிக் கெடுக்கக் கூடாது, வருகிற மழையில் அதுவாக வரட்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள், மறுநாளிலிருந்து சாயங்காலம் தவறாமல் வந்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டுக்குத் தண்ணீர் பீய்ச்சினாள். ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. சரளை மண் எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ முளைக்கும், மத்தியான வெயிலில் சுருண்டுவிடும். இவர் ஹோஸைப் பிடித்திருக்கும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் அடிக்கிறதில் அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஒருநாள் இடது கையை அசைத்து அசைத்து எதையோ காட்டினார். பக்கத்திலிருந்து அடிக்காதே, தள்ளி நின்று மேலே தூக்கி அடி என்கிறார் என்று அவளே கண்டுபிடித்து அப்படிச் செய்தாள். தண்ணீர் தூறலாக விழுந்தது. இவர் கையை இறக்கிக்கொண்டார்.

புரட்டாசிக் கடைசியில், விடியற்காலை சுபுஹுப் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் போய்விட்டார். மழை வரவில்லை.

வீடு நிறைய அழுகை. நான் ஃபேன் இறக்கையில் தூசி படிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் வருகிற வீட்டில் துடைக்காமல் விட்டோமே என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை. வாசலோடு சரி. எங்கே வைத்தார்கள், பக்கத்தில் யார், ஒன்றும் எனக்குத் தெரியாது. கொழுந்தன் திரும்பி வந்து, "நல்ல எடம் மதினி. வேப்ப மரத்துக்குப் பக்கத்துல" என்றார். சரி என்றேன்.

அன்றிலிருந்து இத்தா. கணவன் மவுத்தானால் எங்களில் மனைவி நாலு மாதமும் சில நாட்களும் வீட்டோடு இருக்க வேண்டும். தோட்டமும் கேட்டுக்கு உள்ளேதானே, அதில் நடந்தால் என்ன என்று மகள் வாதாடினாள். சில வீடுகளில் அப்படி விடுவதும் உண்டு. எங்கள் குடும்பத்தில் வாசல்படிதான் எல்லை. எல்லை எங்கே இருந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. முன்னறையையே எனக்கு ஒதுக்கினார்கள். அந்த மேட்டைப் பார்த்தால் மனசு கெடும் என்று வந்திருந்த உறவுப் பெண் ஒருத்தி ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியே கிடந்தது.

சமையல் இல்லை, மகள் பார்த்துக்கொண்டாள். துணி துவைப்பதில்லை. அவருக்குக் கஞ்சி கரைக்க வேண்டாம், திருப்பிப் படுக்கவைக்க வேண்டாம், துடைத்துவிட வேண்டாம். நின்று நின்றே பழகிய எனக்கு நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. கட்டிலில் உட்கார்ந்தேன். பிறகு படுத்தேன். பகலில் படுத்தது எனக்கு நினைவு தெரிந்து அப்போதுதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சாரல் கதவிடுக்கு வழியாக உள்ளே வருகிறதா என்று பார்க்கத்தான் ஜன்னலைத் திறந்தேன். அதற்கப்புறம் சாத்தவில்லை. மேடு நனைந்து கறுத்தது. மொட்டை போட்ட தலையில் முடி அரும்புகிற மாதிரி ஒரு பச்சை வந்தது. அது வளர்ந்து அருகம்புல்லானது. நடுநடுவே தும்பை வெள்ளையாகவும் நெருஞ்சி மஞ்சளாகவும் பூத்தன. சரிவில் ஆவாரங்கன்று. ஒருத்தரும் ஒன்றும் நடவில்லை, எல்லாம் அந்த மண்ணிலேயே கிடந்த விதை. அது கபுரு இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் அங்கே இல்லை என்றும் தெரியும். துவா எல்லாம் தொழுகிற கிப்லாத் திசையைப் பார்த்துத்தான் கேட்டேன். ஆனாலும் கண் அங்கேயே போகும். புல் நன்றாக வந்திருக்கிறது என்று நினைப்பேன். அதற்குமேல் எதுவும் தோன்றாது. அழவில்லை என்று மகள்கூடப் பயந்து, டாக்டரிடம் காட்டுவோமா என்று கேட்டாள்.

அந்த நாட்களில் தோட்டத்துப் பொண்ணு வரவே இல்லை. எனக்கு முகம் காட்டப் பயந்திருப்பாள். மாசித் தொடக்கத்தில் இத்தா முடிந்தது. நான் குளித்துத் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இந்த முறை முக்காலி இல்லை. மண்வெட்டி வைத்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"அக்கா, அந்த மேட்டக் கரைச்சு விட்டுர்றேன். பள்ளத்துக்கே மண்ணத் தள்ளிட்டா எடம் சமமாயிரும். இனி அத யாரு பாக்கப் போறா? உங்களுக்கும் கண்ண உறுத்தாது."

"நான் பாக்குறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய பழைய குரலில், "எங்கேருந்துக்கா?" என்றாள்.

கட்டிலைக் காட்டினேன்.

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். மறுபடியும் ஏறிப் படுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். படுக்கவில்லை. "படுங்கக்கா" என்றாள். படுத்தேன். என் தலைக்குப் பக்கத்தில் மண்டியிட்டுத் தன் தலையை வைத்துப் பார்த்தாள். அவள் தலையில் வெயில் வாடை அடித்தது. "அண்ணன் ஒசரம். அவுக தலை கட்டில் சட்டத்த முட்டும். நீங்க தலகாணிய இழுத்துக்கிட்டு இம்புட்டுக் கீழ இருக்கீக. உங்களுக்கு இந்தப் பக்கத்துக் கம்பி கல்ல மறைக்குமே. இத்தன நாளு மறைச்சிக்கிட்டா இருந்துச்சு?" என்றாள். எனக்குக் கல் தெரிந்ததே இல்லை. மேட்டையும் புல்லையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குருவி வந்து போவது தெரியும், எங்கே இறங்குகிறது என்று தெரியாது.

வெளியே ஓடினாள். புல்லை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து மேட்டில் ஏறினாள். வடக்குக் கோடியிலிருந்த கல்லைப் பெயர்த்துத் தள்ளினாள்.

"தெரியுதாக்கா?"

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்லின் ஒரு ஓரம் வந்தது. தெரியுது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் இங்கே, இதே தலையணையில், இதே கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் படுத்திருந்தார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசல்படியில் நின்றிருந்தேன்.

"இப்பத் தெரியுதா?"

தெரிந்தது. முழுக் கல்லும் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. மல்லாக்கப் படுத்து அழுதால் காதுக்குள்தான் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சொல்ல முடியவில்லை. அவள் தெரியவில்லை போலிருக்கிறது என்று இன்னும் தள்ளினாள். கல் மேட்டின் நடுவுக்கே வந்துவிட்டது.

"அக்கா, இப்ப?"

இடது கையைத் தூக்கினேன்.

அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு கல்லை அந்த இடத்திலேயே பதித்துவிட்டு, தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனாள்.